முடிவைச் சொல்லாதீர்கள்

ஹெல்மெட்டுக்குள் மூக்கு அரித்தால் சொறிய முடியாது. புத்தகம் எழுதுவது வேறு, எழுதியதைக் கூவி விற்பது வேறு என்று தெரிந்துகொண்ட பிறகு அவள் படித்த முதல் பாடம் அது.

மோட்டார் பைக் ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சாதாரண ஹெல்மெட்தான். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் அதற்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, முன்கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக் கொடுத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டால் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற நாற்பது தாண்டிய பெண் இல்லை. 'துருவேறிய நிலா' தொடரின் நாயகி, பதினாறு வயதுத் தளபதி. இருண்ட வெளியைக் கடந்து தம்பியைத் தேடிப் போகிறவள்.

"பசங்க புத்தகத்தைப் பார்த்து வர மாட்டாங்க மேடம், வேஷத்தைப் பார்த்துத்தான் வருவாங்க" என்று சொன்னவர் பதிப்பாளர். வேஷம் கட்டியாயிற்று, பசங்களைத்தான் காணோம். ஒரு புத்தகக் கடைக்காரர் அட்டையில் கிரகம் இருப்பதைப் பார்த்துவிட்டு ஜோசிய அலமாரியில் அடுக்கியிருந்தார். அந்தக் கடையில் விற்ற பிரதிகள் எல்லாம் அந்த அலமாரியிலிருந்துதான் விற்றன. இன்னொரு கடையில் வாசகர் சந்திப்பு. வந்த நாலு பேரில் இரண்டு பேர் ஏசிக்காக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்டார், நாலாவது ஆள் அவள் கணவன்.

இத்தனைக்கும் அவள் நாலாவது பாகத்தையும் எழுதி முடித்துவிட்டாள். தொடரின் கடைசிப் பாகம் அது, கம்ப்யூட்டரில் தூங்கிக்கொண்டிருந்தது. பதிப்பாளரின் கணக்கு சுருக்கமானது: மூன்றாவது பாகம் கிடங்கை விட்டு இறங்கினால் நாலாவது அச்சேறும், இல்லையென்றால் இல்லை.

அவளுக்கு அந்த நாலாவது வேண்டியிருந்ததற்குப் புகழ் காரணமில்லை. அதன் முதல் வரியில் தளபதியின் தம்பி பேசுகிறான். உயிரோடு பேசுகிறான்.

அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவள் சொன்ன விண்வெளிக் கதைகளுக்கெல்லாம் "அப்புறம்?" என்று கேட்டவன். வளர்ந்தபின் முதல் பாகத்தைப் படித்துவிட்டு, போனில், "என்னக்கா, பொம்மைக் கதை எழுதியிருக்க" என்று சிரித்தான். அவளுக்குச் சுருக்கென்றது. நாக்கில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போனை வைத்தாள். மாதக்கணக்கில் பேச்சு இல்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்து அவளைக் கேட்ட அன்று, அவள் ஒரு கடை வாசலில் இதே ஹெல்மெட்டோடு இரண்டாம் பாகத்துக்குக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தாள். போன் பையில் கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, போனைப் பார்த்து, ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

அந்த ஹெல்மெட்டைக் கண்காணாமல் போட்டுவிடலாம் என்று கணவன் சொன்னான். அவள் விடவில்லை. அடுத்த ஒரு வருஷம் மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப எழுதினாள். பதினாறு பக்கம். அதில் தளபதி நேரத்துக்குப் போய்ச் சேர்கிறாள். காற்று தீர்ந்துகொண்டிருக்கும் நிலையத்தில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். அவன் சிரிக்கிறான். அதை எழுதிய நாள்களில்தான் அவளுக்கு ஓரளவு தூக்கம் வந்தது.

அந்த அத்தியாயத்தைப் படித்ததும் பதிப்பாளருக்கு விளம்பர யோசனை ஒன்று பளிச்சிட்டது. 'முடிவைச் சொல்லாதீர்கள்.' அட்டையில் ஸ்டிக்கர், வீடியோ, சுவரொட்டி எல்லாவற்றிலும் அதே வாசகம். படித்தவர்கள் முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்கிறவர்கள் நிலாத் துரோகிகள். யாருமே சொல்லவில்லை. மாதங்கள் போயின, கடைசி அத்தியாயத்தைப் பற்றி ஒரு பேச்சு, ஒரு மெயில், ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. என் வாசகர்கள் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர்கள் என்று அவள் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அவளும் மூன்றாம் பாகத்தைத் திறந்து பார்க்கவில்லை. அச்சான புத்தகத்தை எழுதியவர் திறந்தால் பிழை மட்டும்தான் கண்ணில் படும், மனசு கெட்டுப்போகும் என்பது பதிப்பாளர் போட்ட சட்டம். கூட்டங்களில் முதல் அத்தியாயத்தைத்தான் வாசிப்பாள், அதுவும் வீட்டில் அச்செடுத்த தாளிலிருந்து.

குட்டு உடைந்தது மூக்குக்கண்ணாடிக் கடையில்.

வாசிப்புக் கண்ணாடிக்கு வருகிறவர்களிடம் எழுத்து அட்டையைக் கொடுப்பதுதான் வழக்கம். மூன்றாம் பாகம் வந்ததிலிருந்து அவள் அட்டையை மேஜைக்குள் தள்ளிவிட்டுத் தன் புத்தகத்தை நீட்ட ஆரம்பித்திருந்தாள். கண்ணும் சோதித்த மாதிரி, விளம்பரமும் ஆன மாதிரி. அன்று நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சோதனை ஃப்ரேமில் வில்லைகளை மாற்றிப் போட்டுவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். அவர் நேராகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

"சார், முடிவைப் படிக்காதீங்க."

"வண்டி எங்க போய் நிக்கும்னு தெரியாம நான் ஏற மாட்டேம்மா" என்றவர், எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். "'நீ எனக்கு அக்காவே இல்லை.' அவன் கதவை அறைந்து மூடினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் சிறிதாகிக்கொண்டே போனது."

"தப்பாப் படிக்கிறீங்க சார்."

"எறும்பு மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தெரியுதும்மா. இந்த பவரே போதும்."

அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அவர் தப்பாகப் படிக்கவில்லை. அது இரண்டாம் பாகத்தின் முடிவு. தப்பிக்கும் ஓடத்தில் ஒரே ஓர் இருக்கை. அதற்காக அக்காவும் தம்பியும் போட்ட சண்டை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனது. மூன்றாம் பாகத்தில் தளபதி நிலையத்தின் வாசலை நெருங்குகிறாள், பக்கம் புரள்கிறது, பழைய சண்டை தொடங்குகிறது. மேஜைக்குள் இருந்த பிரதிகளைப் பிரித்தாள். பையில் இருந்தவற்றைப் பிரித்தாள். எல்லாம் ஒரே மாதிரி. கடைசி ஃபாரத்துக்கு, அதாவது கடைசிப் பதினாறு பக்கத்துக்கு, பழைய ஃபைல் அச்சகத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு பாகமும் ஒரே பருமன் என்பதால் பக்க எண்கூட இடிக்கவில்லை. அவள் எழுதிய அந்தப் பதினாறு பக்கம் அச்சாகவே இல்லை.

பதிப்பாளருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார். "ஒரு புகாராவது வந்துச்சா மேடம்?"

"இல்ல சார்."

"அப்ப யாருக்கு என்ன நஷ்டம்?"

திருப்பி அச்சடிக்க வழியே இல்லை என்றார். விஷயம் வெளியே போனால் கடைக்காரர்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாலாவது பாகத்துக்குச் சங்குதான். ஒரு பள்ளிக்கூடக் குழுமம் தங்கள் நூலகங்களுக்கெல்லாம் தொடரை வாங்க யோசிக்கிறது, அங்கே அவள் போய்ப் பேச வேண்டிய கூட்டம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, அதுவரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வி அவளைவிட்டுப் போகவில்லை. வாங்கியவர்களில் ஒருவராவது கடைசிவரை படித்திருந்தால் கேட்டிருப்பார்களே. வாக்கைக் காப்பாற்றிய வாசகர்களாம்! முடிவு தெரிந்தால்தானே சொல்வதற்கு.

நப்பாசை விடவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டாள். மூன்றாம் பாகத்தின் முடிவைப் படித்துவிட்டு அழுதே விட்டேன் என்று சொன்னவள் அவள்தான்.

"எந்த இடத்துல அழுதீங்க அண்ணி?"

"அதான்... அந்த இடத்துல."

"தம்பி வர்ற இடமா?"

"ஆமா, ஆமா. தம்பி வர்ற இடம். இப்ப நெனச்சாலும் தொண்டை அடைக்குது."

 அவளுக்கு நாத்தனார்மேல் கோபம்கூட வரவில்லை. பாவம், அன்பாகத்தான் பொய் சொல்லியிருக்கிறாள்.

கணவன் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். பாதியில் நின்ற லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடமே "பொறுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டான். கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பதினாறு பக்கத்தை அவனே எடுத்துப் போய், கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் போட்டு, பின் அடித்துக் கொண்டுவந்து வைத்தான். "பள்ளிக்கூடத்துல குடு. பதிப்பாளர் என்ன தலையவா வாங்கிடுவாரு" என்றான்.

கொடுத்துவிடுவது என்று அவளும் முடிவு செய்தாள். ஒரே ஒரு பிள்ளையாவது அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டால் போதும். யாரோ ஒருவர் கண்முன்னால் அவள் ஒருமுறை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

பள்ளி அரங்கில் பிள்ளைகள் வகுப்பு தப்பித்த சந்தோஷத்தில் கைதட்டினார்கள். ஹெல்மெட்டோடு மேடையேறினாள், பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான், நூலக ஆசிரியை முறைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு முதல் அத்தியாயத்தை வாசித்தாள். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். விண்வெளியில் ஒன்றுக்கு எப்படிப் போவார்கள் என்று ஒரு கேள்வி, சினிமாவாக வருமா என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். மணி அடித்ததும் அரங்கம் காலியானது.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. பல்லில் கம்பி போட்டிருந்தாள். கையில் மூன்றாம் பாகம் இருந்தது, முனைகள் மழுங்கி, முதுகு வெடித்து. அப்படி உழைத்த ஒரு பிரதியை அவள் அதுவரை எங்கும் பார்த்ததில்லை.

"மிஸ், எல்லார் முன்னாடியும் கேட்டா முடிவைச் சொன்ன மாதிரி ஆயிடும். அதான் நின்னேன்."

 அவள் கை தானாகப் பைக்குள் போய் ஜெராக்ஸ் கட்டைப் பிடித்தது. "கேளும்மா" என்றாள்.

"அவ போய்ச் சேரவே இல்லதானே?"

"எதனால அப்படித் தோணுது?"

"கதவுகிட்ட வந்துடுறா. ஆனா உள்ள போறதுக்குள்ள பழைய சண்டை மறுபடியும் வந்துடுது, ஒரு வார்த்தை மாறாம. என் ஃபிரெண்டு பிரின்டிங் தப்புன்னு சொன்னா. நான் இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்." பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கப்பா போனப்ப எனக்கும் அப்படித்தான் மிஸ். நல்லா இருந்த நாள் எதுவும் ஞாபகம் வராது. கடைசியா கத்துனேன்ல, அந்த நாள்தான் வரும். திரும்பத் திரும்ப அதே மாதிரி வரும். வேற புத்தகத்துல எல்லாம் கடைசி நிமிஷத்துல ஓடிப்போய்க் கட்டிப் புடிச்சுக்குவாங்க. அது பொய்தானே. நீங்கதான் பொய் சொல்லல."

பைக்குள் இருந்த விரலில் ஒரு பின் குத்தியது. அவள் கையை எடுக்கவில்லை.

சொல்லிவிடலாம். உன் தோழி சொன்னதுதான் சரி, அது அச்சுத் தப்பு, நிஜமான முடிவு இதோ என்று கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டலாம். இந்தப் பெண் படிப்பாள். கடைசிவரை படிக்கிற ஒரே ஆள் இவள்தான். படித்துவிட்டு, இவரும் மற்றவர்களைப் போலத்தான் என்று தெரிந்துகொள்வாள். அதோடு, ஓடிப்போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், நான்தான் சேரவில்லை என்று வீட்டுக்குப் போய் நினைத்துக்கொள்வாள்.

"ஆமாம்மா" என்றாள் அவள். "போய்ச் சேரல."

பெண் தலையை ஆட்டினாள். தெரிந்ததை உறுதி செய்துகொள்கிற ஆட்டல். "அப்புறம்?" என்று கேட்டாள்.

அவள் பைக்குள்ளிருந்து வெறும் கையை வெளியே எடுத்தாள்.

அதற்குள் நூலக ஆசிரியை வந்துவிட்டார். குழுமத்தில் எல்லோருக்கும் சம்மதம்தானாம். ஆனால் அரைகுறைத் தொடரை வாங்க மாட்டார்களாம். நாலாவது பாகம் நிச்சயம் வருகிறது என்று எழுத்தாளர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

கம்ப்யூட்டரில் அந்தத் தம்பி முதல் வரியில் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். சேராதவளிடம் அவன் எப்படிப் பேசுவான்?

"நாலாவது கிடையாதுங்க" என்றாள். "மூணோட முடிஞ்சுபோச்சு."

ஆசிரியை சங்கடத்தோடு சிரித்தார். பதிப்பாளர் வேறு மாதிரி சொன்னாரே என்றார். பிறகு, அது போகட்டும், பள்ளி மலருக்கு ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளலாம், தயவுசெய்து அந்த ஹெல்மெட்டோடு என்று கேட்டார். கம்பிப்பல் பெண்ணையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். பெண் நசுங்கிய புத்தகத்தை அட்டை தெரிகிற மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டு, அவள் கையோடு கையை உரசிக்கொண்டு நின்றாள்.

அவள் ஹெல்மெட்டை மாட்டினாள். கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ "சிரிங்க மேடம்" என்றார்கள். உள்ளே இருந்து பார்க்க எல்லோரும் தூரத்தில், சின்னதாகத் தெரிந்தார்கள். பைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது, பதிப்பாளராக இருக்கும். மூக்கு அரித்தால் மட்டுமில்லை, அதற்குள் கண்ணையும் துடைத்துக்கொள்ள முடியாது.