மறுபடியும் நீலக் கோட்

கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாற்காலியை விட்டு எழுந்த ஒரு நர்ஸின் கதை சொல்கிறேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

சிம்மக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் ஐசியூவுக்கு ஷைமா இன்சார்ஜ். டிப்ளமோவோடு வேலைக்குச் சேர்ந்து, வருஷக்கணக்காக நோயாளிகளின் படுக்கையோரமே நின்றவள். பிறகு விடுப்பில் போய்ப் பட்டப்படிப்பையும் முடித்து வந்தாள். அங்கே ஒரு வழக்கம். பட்டம் வாங்கியவருக்கு நீலக் கோட்டை மாற்றி மெரூன் கோட் கொடுத்து, மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள். யாருக்கு எந்தப் படுக்கை என்று பிரித்துக் கொடுப்பதும், உறவினர்களின் கோபத்தை வாங்கிக்கொள்வதும்தான் அப்புறம் வேலை. மெரூன் கோட் வந்த அன்று அவள் அம்மா அஜ்மல் பீவி தெரு முழுக்கச் சீனி கொடுத்தாள்.

ஷைமாவுக்கோ, அவசரத்தில் சிகிச்சையை நர்ஸே தொடங்க வழிசெய்யும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் படிக்க வேண்டும். டாக்டர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. கல்லூரிக்குப் போன் செய்தாள். பட்டம் சரி என்றார்கள். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருஷம் ஐசியூவில் நோயாளியை நேராகப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் பார்த்தது சேராது, மேசை வேலையும் சேராது.

பதவி உயர்வுதான் குறுக்கே நின்றது. ஷைமா நிர்வாகத்திடம் போய் நீலக் கோட்டைத் திரும்பக் கேட்டாள். அவள் இடத்துக்கு, அப்போதுதான் பட்டம் முடித்திருந்த பாண்டிமீனா வந்தாள். அவளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே ஷைமாதான்.

"ஒன்னைய எறக்கி விட்டுட்டாங்கன்னுதானேடி ஊரு பேசும். மாப்ள வீட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் அஜ்மல் பீவி.

"நானா எறங்குனேன்னு சொல்லும்மா."

"அத யாரு நம்புவா?"

ஷைமா நீலக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

முதல் நாள் படுக்கைகளைப் பிரிக்கும்போது பாண்டிமீனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, ஜன்னலோரத்து ஆச்சியப் பாத்துக்கங்க. நாளைக்கு வார்டுக்குப் போயிருவாங்க. சும்மா ஒக்காந்திருங்க, போதும்."

நாற்காலி போட்டாள், டீ வரவழைத்தாள். வென்டிலேட்டரில் கிடந்தவர்கள் எல்லாம் மற்றவர்களுக்குப் போனார்கள். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

"மீனா, இப்பிடியே வருஷம் போனா காலேஜுல போயி நான் என்னத்தப் பாத்தேன்னு சொல்றது? ஆச்சிக்குத் தல சீவி விட்டேன்னா?"

"அதுக்காக ஒங்களைய நான் வேலை ஏவவா? எனக்கு வாய் வரலக்கா."

"ஒன்னைய நான் எம்புட்டு ஏவியிருக்கேன். எனக்கு வாய் வந்துச்சுல்ல?"

பாண்டிமீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெரூன் கோட்டின் பொத்தானைத் திருகியபடி நகர்ந்துவிட்டாள்.

அன்று மதியம் அழகர்கோவில் சாலையில் விபத்துக்குள்ளான ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தொண்டையில் குழாய் இறக்கி, வென்டிலேட்டரில் போட்டார்கள். பாண்டிமீனா சுற்றிலும் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அஜ்மல் பீவி சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். பாண்டிமீனா ஒரு கணம் தயங்கினாள்.

"ஷைமா சிஸ்டர், மூணாம் பெட்டு ஒங்களுக்கு. சீக்கிரம் வாங்க."

அக்கா என்று சொல்லவில்லை. ஷைமா எழுந்து போனாள்.

நீலக் கோட்டின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு அந்த மனிதரின் முகத்தருகே மகள் குனிவதை அஜ்மல் பீவி வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. உள்ளே, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும். என்றைக்காவது யாராவது படுக்க நேர்ந்தால், குனிந்து பார்க்க ஒரு முகம் பக்கத்திலேயே இருக்கட்டும்.