பக்கெட்டுக்குள் மாப்பு

தாளில் ஒன்றுமே இல்லை என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். வெள்ளை மெழுகுவத்தியால் டீச்சர் காலையிலேயே தாளுக்கு ஓர் எழுத்தாக அழுத்தி எழுதிவைத்திருந்தாள். மேலே வாட்டர் கலரைப் பூசினால் மெழுகில் சாயம் ஒட்டாது. எழுத்து வெள்ளையாக எழும்பி வரும்.

இந்த வித்தை அவள் கல்லூரியில் படித்ததல்ல. ஒற்றை அறை வீட்டில், சின்ன வயதில், மெழுகுவத்தித் துண்டால் சிமென்ட் தரையில் கிறுக்கிவைப்பாள். நாலு வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு வந்து அம்மா சொந்தத் தரையைத் துடைக்கும்போது, ஈரம் ஒட்டாமல் 'அ' பல்லிளிக்கும்.

"இது என்னடி கறை, எவ்வளவு தேய்ச்சாலும் போகமாட்டேங்குது?"

எழுத்தென்று தெரிந்த பிறகு அம்மா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தாள். அந்தச் சோப்புத் தண்ணீர் வாசம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

இன்றைய சோதனை கடைசி மேசைக் குட்டிக்கு. பள்ளி ஆயாவின் மகள். மூன்று எழுத்தாவது சொல்லாவிட்டால் பழையபடி பாப்பா வகுப்புக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்ன தலைமையாசிரியை, பக்கத்திலேயே வந்து நின்றார்.

மற்றவர்கள் பிரஷ்ஷைத் தாளில் குத்திக்கொண்டிருந்தார்கள். குட்டி மட்டும் அதைப் பிழிந்து, மேல் மூலையில் தொடங்கி, பின்னால் நகர்ந்து நகர்ந்து பூசினாள்.

"பெயின்ட் அடிக்கச் சொன்னா வீடு தொடைக்குது. சில பிள்ளைங்க தலையெழுத்து அப்படி," என்றார் தலைமையாசிரியை.

டீச்சருக்குச் சுருக்கென்றது. "தண்ணி படட்டும் மேடம். எந்த எழுத்துன்னு அப்புறம் பார்ப்போம்."

நீலத்துக்குள் 'ட' எழும்பியது.

"மூலை," என்றாள் குட்டி.

"கேட்டீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் குனிந்தாள். "மூலையில என்ன இருக்கும் கண்ணு?"

"அம்மா பக்கெட்டை வெப்பாங்க. டக்குன்னு சத்தம் வரும். ட."

அடுத்த தாளில் 'ப'. "பக்கெட்டு. ப."

மூன்றாவதில் 'ம'. குட்டி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

"பக்கெட்டுக்குள்ள மாப்பை ஊற வெச்சிருக்கு. ம."

"எழுத்தைக் கேட்டா வீட்டுச் சாமானையெல்லாம் சொல்லுது," என்று முணுமுணுத்துக்கொண்டே தலைமையாசிரியை வாசலுக்கு நடந்தார். அங்கே நின்று, திரும்பாமல் சொன்னார்: "இங்கேயே இருக்கட்டும்."

மணி அடித்ததும் ஆயா பக்கெட்டோடு எட்டிப் பார்த்தாள். தரையெல்லாம் நீலச் சொட்டு.

"அக்கா, அதை இப்படிக் குடுங்க. மகளைக் கூட்டிட்டுப் போங்க. மூணு எழுத்தும் சொல்லிட்டா."

"ஐயோ, நீங்க போய் தொடைக்கிறதா டீச்சர்?"

"ஏன், எங்கம்மா பொண்ணுக்கு இதுகூடத் தெரியாதா?"

டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலைக்குப் போனாள். பக்கெட்டை வைத்தாள். டக்கென்றது.