ஒரு படுக்கையறை, குடும்பத்துக்கு மட்டும்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு மாடிப்படியில் கிடைத்தது. திடீரென்று மனதில் உதித்தது என்றெல்லாம் சரடு விட மாட்டேன். நான் வீடு பார்க்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டு உரிமையாளர் அடுத்த மாதத்திலிருந்து வாடகையை மூன்றில் ஒரு பங்கு ஏற்றப்போவதாகச் செய்தி அனுப்பி, கூடவே ஒரு கைகூப்பும் பொம்மையையும் போட்டிருந்தார். ஏற்றியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கும்பிடுதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

விளம்பரத்தில் 'ஒரு படுக்கையறை, நல்ல காற்று, குடும்பத்துக்கு மட்டும்' என்றிருந்தது. மூன்றாவது மாடி. வீட்டு வாசலில் ஆரம்பித்த வரிசை படிகளில் இறங்கி இரண்டாவது மாடிக்கு வந்திருந்தது. நான் நாலாவது ஆள். எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் பேசாமல் நின்றிருந்தார்கள். பார்த்தால் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்தது. (பேசாமல் நின்றதால்தான் அப்படித் தோன்றியது.)

2.

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

'மாநகரம் ஒரு ராட்சத மிருகம், அது மனிதர்களை…' வேண்டாம். எந்த மிருகமும் என் வாடகையை ஏற்றவில்லை. ஏற்றியவருக்குப் பெயர் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, கும்பிடுகூடப் போடுகிறார்.

'அவள் ஜன்னலோரம் நின்று வானத்தை…' அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர்தான் தெரியும். அடித்தாயிற்று.

'விவாகரத்து ஆகி ஐந்து மாதமாகியும் அவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், இரண்டு வாடகைக்கு வழியில்லாததால்.' இது நிற்கட்டும். இதில் நான் சேர்த்தது எதுவுமில்லை.

3.

படியில் எனக்கு முன்னால் நின்றவள் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று சொல்லிச் சொல்லி, கூட வேலை பார்ப்பவர்கள் மத்தியில் அவளுக்கு மூச்சக்கா என்றே பெயர்.* அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகிப் பத்து வருஷம். குழந்தை இல்லை.

* சத்தியமாக நான் வைத்த பெயர் இல்லை. நான் வைத்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைக்க வெட்கப்பட்டிருப்பேன்.

ஏன் பிரிந்தார்கள்? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்துதான் நானும் கேட்டேன். "பெரிய காரணமெல்லாம் இல்லைங்க. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வாயையும் திறக்க மாட்டார். பத்து வருஷம் செவத்தோட குடித்தனம் பண்ணினேன்" என்றாள்.

கோர்ட்டில் நீதிபதி, "ஒரு வருஷமா தனித்தனியாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டாராம்.

"ஆமாங்க சார். நான் ரூம்ல, அவர் ஹால்ல."

வக்கீல் இருமினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே வீட்லயா?"

"வாடகை அப்படி இருக்கு சார்" என்றான் மெக்கானிக். அந்த வழக்கில் அவன் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். நீதிபதியும் வாடகை வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

4.

தீர்ப்பு வந்த பிறகும் ஹாலில் பழைய போர்வை ஒன்று திரையாகத் தொங்கியது. கழிவறைக்குப் போக அவள் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். போகுமுன் ஒரு தடவை செருமுவாள். சொந்த வீட்டில் செருமிக்கொண்டு நடப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. (அது சொந்த வீடும் இல்லை. இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் கை தானாகத் தப்புப் பண்ணுகிறது.) அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். வேலைக்குக் கிளம்பும்போது அவளே பூட்ட வேண்டும், திரும்பி வந்தால் அவளே திறக்க வேண்டும்.

லீவு நாளெல்லாம் வீடு தேடியே போனது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த ஒரு அறையைக் காட்டி, "பென்ட்ஹவுஸ் மேடம்" என்றார் புரோக்கர். இன்னொரு இடத்தில் அடுப்புக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் திரைதான் இருந்தது. நல்ல இடம் ஒன்று கிடைத்தபோது, "தனியாவா? யார் யாரு வந்து போவாங்க?" என்று அவளை மேலும் கீழும் பார்த்தார் அந்த வீட்டுக்காரர். கடைசியில் எதுவும் கேட்காத ஒருவர் கிடைத்தார். அவர் சொன்ன வாடகை அவள் சம்பளத்தில் பஸ் செலவைக் கழித்தால் மிஞ்சுவது.

"அப்ப சாப்பாடு?" என்று கேட்டாள்.

"அது உங்க இஷ்டம் மேடம்" என்றார் புரோக்கர்.

இதையெல்லாம் அவள் போனில் யாரிடமோ புலம்பும்போது போர்வைக்கு அந்தப் பக்கம் இருந்து மெக்கானிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஒருநாள் அவன் குரல் வந்தது. "புருஷன்னு சொல்லிக்கிட்டு நான் கூட வரேன். ரெண்டு சம்பளம்னு எழுதிக் குடுப்போம். வீடு கெடைச்சதும் நீ போயிடு."

5.

(இந்த இடத்தில் அவனை நான் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன். வீடு முழுதும் தனக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டானோ என்று ஒரு பத்தி எழுதினேன். ஆனால் அவள் போனால் ஒற்றைச் சம்பளத்தில் அவனாலும் அந்த வீட்டில் நீடிக்க முடியாது. பத்தியை எடுத்துவிட்டேன்.)

அப்படித்தான் அவர்கள் அந்த மாடிப்படியில் வந்து நின்றார்கள். வீட்டுக்காரம்மா பேங்க் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி. கதவைத் திறந்ததும், "லிஃப்ட் நாலு நாளா ஓடல, மன்னிச்சுக்கோங்க" என்றார். மெக்கானிக் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கதவு சென்சார்ல தூசிம்மா, துடைச்சா போதும்" என்றான். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

வீடு நல்ல வீடு. கிழக்கே ஒரு பெரிய ஜன்னல். விண்ணப்பத்தில் இரண்டு சம்பளமும் எழுதி முடித்துக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அம்மா சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "வீட்டுல உங்க மிஸஸுக்கு எது பிடிச்சிருக்கு? சமையல்கட்டா?"

மெக்கானிக் சொன்னான்: "அவளுக்கு வெளிச்சம்தாம்மா வேணும். ஜன்னலே இல்லாத ரூம்ல வேலை பார்க்கிறா. வீட்டுக்கு வந்தா எங்க வெயில் விழுதோ அங்கதான் போய் உக்காருவா. இந்த ஜன்னல் இருந்தா அவளுக்குப் போதும்."

அவள் கையில் பேனா இருந்தது. பத்து வருஷமாக எந்தப் பேச்சைக் கேட்கக் காத்திருந்தாளோ, அதை ஒரு பொய்க்கு நடுவில், மூன்றாம் மனுஷியிடம் சொல்கிறான். இப்போது கையெழுத்துப் போட்டால் அந்தக் கல்யாணத்தையும் சேர்த்து வாடகைக்கு எடுத்தது போலாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. (இந்த வாக்கியம் என்னுடையது. அவள் சொன்னது, "பத்திக்கிட்டு வந்துச்சுங்க" என்பது மட்டும்.)

"அம்மா, இவர் என் புருஷன் இல்ல. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி பிரிஞ்சாச்சு. எனக்காகப் பொய் சொல்ல வந்தார். நான் ஒருத்திதான். ரெண்டு ஷிஃப்ட் பார்த்தாவது வாடகையைக் கட்டிடுவேன்."

அம்மா பேனாவை வாங்கி மூடினார். "யோசிச்சுச் சொல்றேம்மா."

மிச்சத்தைப் படியில் நின்ற நாங்கள் எல்லோரும் கேட்டோம். "என்கிட்ட சொல்ல வாயில்ல, வீட்டுக்காரம்மாகிட்ட சொல்றீங்க! இவ்வளவு நாளா எங்க வச்சிருந்தீங்க இதை?" அவன், "நீ கேக்கலையே" என்றான். அவள் கைப்பையால் அவன் தோளில் ஒன்று போட்டாள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போய், மனைவி, மகள், இரண்டு சம்பளம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

6.

கீழே பேக்கரியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக அவனுக்கு அழைப்பு வந்து போய்விட்டான். ஏதோ கதை எழுதுபவன் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கொட்டினாள், போன் நம்பரும் கொடுத்தாள். கடைசியில், "எழுதுங்க அண்ணே. ஆனா முடிவுல எங்களைச் சேர்த்து வச்சுத் தொலைச்சிடாதீங்க" என்றாள்.

அதனால் 'அன்று மாலை அவள் போர்வைத் திரையை மெல்ல விலக்கி…' என்ற பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அவர்கள் இன்னும் போர்வைக்கு இரண்டு பக்கமும்தான் இருக்கிறார்கள். 'அவள் நேர்மையைக் கண்டு வீட்டுக்காரம்மா மனமிரங்கி…' என்று இன்னொன்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் வந்தது.

7.

வீட்டுக்காரம்மாதான். "உங்களுக்கே தரலாம்னு இருக்கேன் தம்பி. அந்தப் பொண்ணு உண்மையைச் சொன்னா, எனக்கு அவளைப் பிடிச்சுப்போச்சு. ஆனா ரெண்டு ஷிஃப்ட் பார்த்து ஒருத்தி எத்தனை மாசம் கட்டுவா? நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள சொல்லிடுங்க."

மனைவியிடம் சொன்னேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள்.

"அவங்க வீடும்மா அது. நான் அவங்க கதையையும் எடுத்துக்கிட்டேன், வீட்டையும் எடுத்துக்கிறதா?"

"நீங்க விட்டா அவங்களுக்குத்தான் கெடைக்கும்னு யார் சொன்னா? உங்களுக்குப் பின்னாடி ஏழு பேர் நின்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. இங்க ஏத்தின வாடகையைக் கட்டினா அடுத்த வருஷம் பொண்ணை எந்த ஸ்கூல்ல சேர்க்கிறது? அதையும் எழுதுங்க உங்க கதையில."

எழுதிவிட்டேன்.

மூச்சக்காவுக்கும் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னதும், "எடுத்துக்கோங்க அண்ணே" என்றாள். பிறகு, "இல்ல, எடுக்காதீங்க" என்றாள். பிறகு, "இதை ஏன் என்கிட்ட கேக்குறீங்க? எல்லாத்தையும் நானே சொல்லணுமா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அவள் கத்தியதில் தப்பே இல்லை.

இப்போது காலை ஒன்பதே முக்கால். வீட்டை எடுப்பதாக ஒரு முடிவும், விடுவதாக ஒரு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதைப் படித்தால் என்னைப் பிடிக்கவில்லை. இரண்டாவதைப் படித்தால் என்னை நம்பமுடியவில்லை. மனைவி போனைக் கொண்டுவந்து என் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டு நிற்கிறாள்.

நீங்களே சொல்லுங்கள், கேட்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: இதை நீங்கள் உட்கார்ந்து வாசிக்கும் வீடு வாடகையா, சொந்தமா? சொந்தம் என்றால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.