வலப்பக்கச் சில்லு

ஒருக்காச் சொன்னா விளங்காத ஆக்களுக்கு நான் ரெண்டாம் தரம் சொல்லுறேல்ல. ஆனா இதைச் சொல்லத்தான் வேணும். ஏனெண்டா எங்கட ஊர் கிளிவெட்டி முழுக்க, இந்தக் கதிரவேலுக்கு விசர், மூளை பிசகிப் போச்சு எண்டு கதைக்கினம்.

என்ர லாண்ட்மாஸ்டருக்கு, அந்த ரெண்டு சில்லு உழவு மெசினுக்கு, இடப்பக்கம் புது ரயர், வலப்பக்கம் மொட்டை ரயர். புதுசு பெரிசு, தேஞ்சது சின்னன். பிறகு மெசின் நேர போகுமோ? எந்த நேரமும் வலப்பக்கம் இழுக்கும். நான் மற்றப் பக்கம் இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழண்டு போச்சு. வரம்பில நிக்கிறவங்கள், "என்ன கதிரவேலண்ணை, கோயில் சுத்துறியளோ?" எண்டு பகிடி. என்ர மனுசி இரத்தினேஸ்வரி இன்னும் மோசம். "ரெண்டு சில்லுக்கும் ஒண்டாப் போட்டா உங்கட மானம் போயிடுமோ?" எண்டு கேட்டாள்.

மானமும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. வலப்பக்கம் என்ர இல்ல. அது ஸைனுலாப்தீன்ர.

ரெண்டாயிரத்து மூண்டில, சண்டை நிண்டிருந்த காலம், மூதூர் ஸைனுலாப்தீனும் நானும் பாதிப் பாதி போட்டு எடுத்த மெசின் அது. எங்கட வயல் ரெண்டும் ஒரே வாய்க்காலில, பக்கத்துப் பக்கத்து. முதல் சோடி ரயர் தேயேக்க வாய்த்தர்க்கம் வந்தது. "உன்ர வயலில கல்லு, அதாலதான் தேஞ்சது" எண்டான். "நீ காத்துக் குறைய றோட்டில ஓடினதாலடா" எண்டன் நான். கடைசியில அவன்தான் தீர்ப்புச் சொன்னான்: "இடம் உனக்கு, வலம் எனக்கு. அவனவன் பக்கத்தை அவனவன் பார்க்கட்டும்." ஆனா மாத்துறது ரெண்டு பேரும் ஒரே நாளிலதான். அண்டையில இருந்து அதுதான் சட்டம்.

என்ன நாளுகள் அது! என்ர வளவு மாமரத்துக்குக் கீழ மெசினைக் கட்டையில ஏத்தி வைப்பம். அவன் தன்ர சில்லை, நான் என்ர சில்லை, ஆர் முதல் முடிக்கிறதெண்டு போட்டி. ரியூப்பைத் தண்ணிக்குள்ள அமத்திக் குமிழி வாற இடம் பார்த்து ஒட்டுப் போடுவம். சவர்க்காரத் தண்ணி தடவி ரயரை ஏத்துவம். நோன்பு காலத்தில அவன் வெறும் வயித்தோட நிக்கிறானே எண்டு நான் வைக்கல் குவியலுக்குப் பின்னால போய்ச் சோத்துப் பார்சலை அவிழ்ப்பன். கள்ளன், கண்டுபிடிச்சிடுவான். "ஒளிச்சுத் தின்னாதடா, விக்கப் போகுது" எண்டு தண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டுவான். அந்த நாளில ஒண்டைத் திருப்பித் தந்தா ஒரு ஏக்கர் எழுதிக் குடுப்பன், சத்தியமா.

போன வருசம் அவனுக்குப் பாரிசவாதம். இடக்கையும் இடக்காலும் விழுந்திட்டுது. வயலைக் குத்தகைக்குக் குடுத்திட்டான். பிறகு ஒரு நாள் மகள் ஷிஃபானா போன் எடுத்தாள். "மாமா, மெசினை நீங்களே வைச்சுக்கொள்ளட்டாம். வாப்பா சொல்லச் சொன்னார்."

எனக்கு வந்த கோபம்! எனக்குத் தானம் தாறானோ? அதோட அவனைப் பார்க்கப் போறதையும் விட்டிட்டன். என்ர பக்கம் தேஞ்சது, மாத்தினன். அவன்ர பக்கத்தில கை வைக்கேல்ல. வைச்சா அவன் இனி வயலுக்கு வரமாட்டான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. அதுதான் விசயம். விசரெண்டா விசர்தான்.

போன செவ்வாய்க்கிழமை உழுதுகொண்டு நிக்கேக்க அந்த மொட்டை ரயர் வெடிச்சுது. வாய்க்காலில உழவுத் தண்ணி நிப்பாட்ட இன்னும் நாலே நாள். அதுக்குள்ள உழுது விதைக்காட்டி எனக்கு இந்தப் போகம் இல்ல. அடுத்த நாள் காலமை புது ரயரும் ரியூப்பும் வாங்கி, வலப்பக்கச் சில்லையும் கழட்டி, ஓட்டோவில ஏத்திக்கொண்டு மூதூருக்குப் போனன்.

ஸைனுலாப்தீன் வாசலில கதிரை போட்டு இருந்தான். ஆள் அரைவாசி. என்னைப் பார்க்கேல்ல, சில்லைத்தான் பார்த்தான்.

"இதை ஏன்டா இஞ்ச கொண்டு வந்தாய்?"

"உன்ர சில்லு. நீ பார்."

"எனக்கு ஏலாதடா மச்சான். கண் தெரியேல்லையா உனக்கு?"

"தெரியுது. நீ சொல்லு, நான் செய்யிறன்."

ஷிஃபானா வாளியில தண்ணியும் சவர்க்காரமும் கொண்டுவந்து வைச்சாள். நான் பழைய ரயரை நெம்பிக் கழட்டிப்போட்டுப் புதுசை ஏத்தத் தொடங்கினன். அவன் கதிரையில இருந்து எட்டிப் பார்த்தான். பிறகு கத்தினான். "டேய், பல்லைப் பார்! பின்பக்கம் பார்க்குது. இப்பிடிப் போட்டா சேத்துக்குள்ள பிடிக்குமா?" குனிஞ்சு பார்த்தா உண்மைதான். இருபது வருசமா ரயர் மாத்துறன், திருப்பிப் போட்டிருக்கிறன். அவன் சிரிச்சான். வாய் ஒரு பக்கம்தான் சிரிச்சது.

காத்தடிக்கேக்க, "பம்மை இஞ்ச கொண்டா" எண்டான். "வாப்பா, வேணாம்" எண்டாள் மகள். கேட்டாத்தானே! நான் பம்மைக் கதிரைக்கு முன்னால வைச்சு ரெண்டு காலாலும் மிதிச்சுப் பிடிச்சன். அவன் நல்ல கையால அமத்தினான். பத்துத் தரம் அமத்துவான், மூச்சு வாங்குவான், திரும்பவும் பத்து. சேர்ட் நனைஞ்சு முதுகில ஒட்டிப் போச்சு. நான் அடிக்கிறன் எண்டு சொல்ல வாயெடுத்தன். சொல்லேல்ல. கடைசியா ரயரில விரலால ஒரு தட்டுத் தட்டினான்.

"காணும்."

பம்மை விட்டிட்டு என்னை நேர பார்த்தான்.

"மச்சான், நான் இனி வயலுக்கு வரமாட்டன். அது உனக்கும் தெரியும். அடுத்த தரம் ரெண்டையும் நீயே மாத்து. ஒரே நாளில மாத்து."

நான் குனிஞ்சு வால்வு மூடியை இறுக்கிப் பூட்டினன்.

"ஓம்" எண்டன்.

சொல்லிப்போட்டு அந்த இடத்திலேயே நிலத்தில இருந்து அழுதன். ஷிஃபானா பார்த்துக்கொண்டு நிண்டாள், எனக்கு வெக்கமே வரேல்ல. அவனும் அழுதான், ஆனா வாய் விடேல்ல.

"எழும்படா. தண்ணி நிக்கப் போகுது. போய் உழு" எண்டு என்னைக் கலைச்சான்.