சிவப்புப் போர்டு வரைக்கும்

குழித்துறைப் பாலம் தாண்டியதும் சுந்தர்சிங் சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றினார். மடியில் துண்டை விரித்து மறைத்துக்கொண்டு, பேனா போலிருந்த இன்சுலின் ஊசியை வயிற்றில் குத்தி, உதட்டுக்குள் எண்ணிவிட்டு எடுத்தார். மூடியை மாட்டியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். தினமும் காலையில் அடுக்களையில் நின்றுகொண்டே மனைவி நேசபாய் கேட்கிற சத்தம்தான். அது கேட்டால் அவள் தட்டை எடுத்து வைப்பாள். இன்றைக்கு வண்டிக்குள் கேட்டது. தட்டு இல்லை.

"ஊசி போட்டாச்சு. இனி அரை மணிக்குள்ள வயித்துக்கு ஏதாவது போடணும்," என்றார் சுந்தர்சிங். "ஆன்ஸ்லினு, மார்த்தாண்டத்துல ஞானையன் கடையில நிறுத்துடே."

"சரி மாமா, இன்னா வந்துட்டு," என்றான் டிரைவர் ஆன்ஸ்லின். அஞ்சுகிராமத்தில் அவர்கள் தெருக்காரன்தான்.

மகன் பிரைட்டன் மூன்று வருஷம் கழித்துத் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அவனையும் மருமகள் பிரீனாவையும் பேத்தி ரெனிஷாவையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிரைட்டன் முன்சீட்டில். பின்னால் ஒரு ஓரத்தில் சுந்தர்சிங், மறு ஓரத்தில் பிரீனா. நடுவில் நேசபாய். அவள் மடியில் ரெனிஷாவின் தலை, காலடியில் டிவிப் பெட்டி. கையை அசைக்கவும் இடம் இல்லை. அவளுடைய பையைக்கூடப் பிரைட்டன் வாங்கி டிக்கியில் திணித்திருந்தான். அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய சாக்லேட் பெட்டிகள்.

ஞானையன் கடை மார்த்தாண்டத்துக்குச் சற்று முன்னால், ரோட்டோரத்தில் இருந்தது. திருவனந்தபுரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் சுந்தர்சிங்குக்கு அங்கேதான் காலைச் சாப்பாடு. புட்டும் பயறும் பப்படமும். ஆன்ஸ்லின் வண்டியை ஓரம் கட்டினான். பிரைட்டன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். அடுப்புப் புகை. பெஞ்சில் நாலைந்து லாரிக்காரர்கள். வாசலில் ஒரு நீல வாளி, அதன் மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் கப்பு.

"இதா கடை? இந்த வாளித் தண்ணியிலயா கை கழுவணும்?"

"போன தடவ வந்தப்போ எங்கயோ தின்னுதான் ரெனிஷாவுக்கு வயித்தால போச்சு," என்றாள் பிரீனா. "ஆஸ்பத்திரியில கிடந்தது மறந்துபோச்சா?"

"நாகர்கோவிலுக்கு முன்னால அந்தச் சிவப்புப் போர்டுக் கடை புதுசா தொறந்திருக்காம். துபாய்ல நாங்க எப்பவும் அங்கதான். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ருசி, ஒரே சுத்தம். பயப்படாண்டாம். அங்கயே போவோம்," என்றான் பிரைட்டன்.

"அண்ணே, இங்கயும் நல்லா இருக்கும். நாங்க வழக்கமா..." என்று ஆன்ஸ்லின் ஆரம்பித்தான்.

பிரைட்டன் அவன் தோளில் தட்டிச் சிரித்தான். "உனக்கு நல்லாத்தான் இருக்கும்டே. டிரைவருக்கு ஓசிச் சாப்பாடு, ஆளைக் கூட்டிட்டு வந்ததுக்குக் கமிஷன். எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஆன்ஸ்லினின் பிடரி விறைத்ததைப் பின்சீட்டிலிருந்து நேசபாய் பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

"மக்கா, ஊசி போட்டாச்சே," என்றார் சுந்தர்சிங்.

"அரை மணி நேரம்தான்ப்பா. மேப்புல காட்டுது."

வண்டி நகர்ந்தது. நேசபாய் கணவனைப் பார்த்தாள். அவர் அவள் பக்கமாகச் சாய்ந்து, "விடுட்டி. பிள்ள இப்பதான் வந்து இறங்கியிருக்கான். முதல் நாளே முகம் கோணாண்டாம்," என்றார். அவளுக்கும் அதுவே தோன்றியது. மூன்று வருஷமாகப் போனில் பார்த்த முகம் முன்சீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கெடுக்க எந்தத் தாய்க்கு மனது வரும்?

துபாய் ரோட்டில் மேப்பு அரை மணி என்றால் அரை மணிதான். நம்முடைய ரோட்டின் குணத்தைப் பிரைட்டன் மறந்திருந்தான். அழகியமண்டபம் வரை ஓடிய வண்டி தக்கலையில் தவழ்ந்தது. குமாரகோவில் விலக்கில் பாறைப்பொடி ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. முன்னால் பஸ். பின்னால் முட்டிக்கொண்டு இன்னொரு டாரஸ். இடது பக்கம் பைக்குகள் புகுந்து அடைத்துக்கொண்டன. கதவைத் திறக்கவும் இடம் இல்லை.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று நேசபாய் கேட்டாள்.

"கொஞ்சம் கை நடுங்குது. ஒண்ணும் இல்ல. இன்னா கடைக்கு எத்தப் போறோம்லா."

"பிரைட்டா, எனக்க பையில மிட்டாய் டப்பா இருக்கு. அத எடுக்கணுமே."

"டிக்கியிலல்லாம்மா இருக்கு? பின்னால லாரி முட்டிட்டு நிக்குது, எப்படித் தொறக்க? கொஞ்சம் பொறுங்க. அங்க போனதும் சூடா சாப்பிடலாம்."

"பிரீனா, உனக்க பையில?"

"பாஸ்போர்ட்டுதான் மாமி இருக்கு. பிஸ்கெட்டெல்லாம் பிளேன்லயே தீந்துட்டு."

கண்ணாடிகள் ஏறியிருந்தன. ஏசி உறுமியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பைக்குகளைத் தாண்டி, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், ஒரு சாயாக்கடை வாசலில் ஒருவர் இலைத்துண்டில் வைத்த பழம்பொரியை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார். நேசபாய் அந்த இலைத்துண்டையே பார்த்தாள். ஒரு சத்தம் போட்டால் போதும், ஆன்ஸ்லின் கண்ணாடியை இறக்கி ஒன்று வாங்கித் தந்திருப்பான். தொண்டை வரைக்கும் வந்தது. எண்ணெயில் பொரித்ததைக் கேட்டால் மகன் ஏதாவது சொல்லுவான், மருமகள் முகம் சுளிப்பாள். விழுங்கிவிட்டாள். மடியில் குழந்தை உறங்கியது.

கொஞ்ச நேரத்தில் சுந்தர்சிங்கின் தலை கதவுப் பக்கமாகச் சாய்ந்தது. விடியுமுன் எழுந்து ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்டவர். பிரைட்டன் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா உறங்கிட்டாரு. எழுப்பாதீங்க, உறங்கட்டு."

உறக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஏசி காற்றில் குளிர்ந்த அந்த வண்டிக்குள் அவர் சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கிடந்ததை யாரும் பார்க்கவில்லை.

லாரியை ஓரம் தள்ளி வழி விட வெகுநேரம் ஆயிற்று. சிவப்புப் போர்டு ஒரு வளைவு தாண்டியதும் பளபளவென்று தெரிந்தது. "இன்னா பாத்தியா மக்கா, நம்ம கடை!" என்று பிரைட்டன் மகளை எழுப்பினான். வாசலில் கூட்டம். டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பிரைட்டன் இறங்கி ஓடி டோக்கன் வாங்கி வந்தான்.

"இஞ்ச பாருங்க, வந்தாச்சு, எழும்புங்க," என்று நேசபாய் கணவரின் தோளைத் தொட்டாள். கை வழுக்கியது. அவ்வளவு வியர்வை. இன்னொரு தடவை உலுக்கினாள். தலை தொய்ந்து அவள் தோளில் விழுந்தது.

அவள் போட்ட சத்தத்தில் கடையே வெளியே வந்துவிட்டது. ஒருவர் டம்ளரில் சீனித் தண்ணீர் கலக்கிக்கொண்டு ஓடிவந்தார். சாப்பிட வந்திருந்த ஒரு பெண்மணி, தான் நர்ஸ் என்று சொல்லி அதைத் தடுத்தார். "நினைவில்லாதவங்களுக்கு வாயில ஊத்தாதீங்க, நெஞ்சுக்குள்ள போயிரும். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க." ஆன்ஸ்லின் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான்.

"சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்திருக்கு. இருதயமும் பலவீனமா இருந்திருக்கு, தாங்கல," என்றார் டாக்டர். "உறங்குறாருன்னு விட்டுட்டீங்க. தொட்டு எழுப்பிப் பாத்திருந்தா, பேச்சு இருக்கும்போதே ஒரு வாய் இனிப்பு குடுத்திருந்தா, நடந்து வந்திருப்பாரு."

மறுநாள் சாயங்காலம் சுந்தர்சிங் போய்ச் சேர்ந்தார். கண்ணைத் திறக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து, வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று யாரோ சாக்லேட் பெட்டியின் கயிற்றை அறுத்தார்கள். தரையில் குவியலாகக் கொட்டியது. பிரைட்டன் அதைப் பார்த்தபடி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அத்தனை இனிப்பும் அப்பாவின் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. நடுவில் ஒரு சீட்டு.

நேசபாய் அவனைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனை அதிகம் சுட்டது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவான். விடுமுறை முடிந்து அவர்கள் திரும்பிப்போகும் நாளில் ஏர்போர்ட்டுக்கு அதே வண்டிதான் வந்தது. நேசபாயும் ஏறிக்கொண்டாள். நடுவில் இல்லை, அவர் உட்கார்ந்த ஓரத்தில்.

மார்த்தாண்டம் தாண்டியதும் பிரைட்டன் மெதுவாகச் சொன்னான். "ஆன்ஸ்லினு, ஞானையன் கடையில நிறுத்துடே. அன்னைக்கு நான் உன்னச் சொன்னது தப்பு."

ஆன்ஸ்லின் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே பேசினான். "நான் வாய மூடினதும் தப்புதாண்ணே. மாமா சாஞ்சது கண்ணாடியில தெரிஞ்சுது. நிறுத்தவான்னு கேக்க நினைச்சேன். கேட்டா, கமிஷனுக்குக் கேக்கான்னு நினைப்பீங்கன்னு இருந்துட்டேன்."

உள்ளே போனார்கள். கல்லாவில் இருந்த ஞானையன் நேசபாயை அடையாளம் கண்டு எழுந்தார். "சார் வரல்லியா? கண்ணு எப்படி இருக்கு?"

நடந்ததை நேசபாய்தான் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "அஞ்சு புட்டு எடு," என்று மட்டும் குரல் கொடுத்தார்.

பிரைட்டன் நாற்காலியை இழுத்து ஒழுங்காக உட்காருவதற்குள் தட்டுகள் வந்துவிட்டன. புட்டில் ஆவி பறந்தது. அவன் தட்டைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், மறுபடியும் தட்டைப் பார்த்தான்.

"அன்னைக்கும் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமாம்மா?"

"வந்திருக்கும்."

"பிள்ளைக்கு வயிறு கெட்டிரும்னுதான்..."

"பிள்ளைய நினைச்சது தப்பில்ல மக்கா," என்றாள் நேசபாய். குரல் உயரவில்லை. "அந்தப் போர்டுக் கடையும் நல்ல கடதான், போகாதேன்னு நான் சொல்லல்ல. ஆனா வழியில எங்க திங்கணும்னு போர்டக் கேட்டு முடிவு பண்ணக் கூடாது. கூட வாறதுல யாருக்குப் பொறுத்திருக்க முடியாதோ அவங்களக் கேக்கணும். ஊசி போட்டவரு, மாத்திரை திங்கிறவரு, பிள்ளத்தாச்சி, கைக்குழந்தை, இவங்க எங்க நிறுத்தச் சொல்றாங்களோ அதான் நமக்குக் கடை. தெரிஞ்ச பேரு தூரத்துல இருக்கும். பசி மடியில இருக்கும். உங்கப்பா ஒரு வார்த்த சொன்னாரு. நீ கேக்கல்ல. நான் கேட்டேன், ஆனா உனக்க முகத்தப் பாத்துட்டு வாய மூடிட்டேன். ஒரு நாள் முகம் கோணினா மறுநாள் சரியாயிரும் மக்கா. இது சரியாகாது."

பிரைட்டன் எழுந்து, அடுக்களையிலிருந்து வந்த அடுப்புப் புகைக்கு ஊடே மகளின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனான்.

"வா மக்கா, கை கழுவிட்டு வந்து திம்போம்."

வாசலில் அதே நீல வாளி. அதன் மூடிமேல் அதே கப்பு.