கடல்குதிரை தானாக வரவில்லை

ஸ்கூபா கண்காட்சியில் அண்ணனும் தங்கையும் எடுத்திருந்த கடை இரண்டு மேஜை அகலம்தான். இருவரும் சேர்ந்து ஒரு படகை வைத்துத் தொழில் செய்தார்கள். அண்ணன் கரையில் பேசி ஆள் பிடிப்பான். தங்கை அவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போவாள்.

கண்ணாடித் தொட்டியில் புது மாஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பியவள், மேடைப் பக்கம் அப்படியே நின்றுவிட்டாள். ஆளுயரப் படம். கருநீல நீரில் இரண்டு கடல்குதிரைகள், மூக்கோடு மூக்கு. கீழே ‘முதல் பரிசு’.

போன வருஷம் அந்தப் படத்தை எடுத்த புகைப்படக்காரரைக் கூட்டிப்போனவள் அவள்தான். பவளத்தில் வாலைச் சுற்றிக்கொண்டு முதுகைக் காட்டி நின்ற ஆண் குதிரையை, அவர் இரும்புக் குச்சியால் நெம்பிப் பிடுங்கிப் பெண்ணுக்கு எதிரே வைத்தார். அந்த இனத்தில் ஆண்தான் குஞ்சுகளைச் சுமக்கும். அதன் வயிற்றுப்பை முட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் கத்தவா முடியும்? அவர் கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் படம் எடுத்தாயிற்று. கரையேறியதும் ‘கைடு என்னை அடிச்சிட்டா’ என்று அண்ணனிடம் புகார் போனது. மறுநாள் அங்கே பெண் குதிரை மட்டும்தான் இருந்தது.

அண்ணன் ஓடி வந்தான். “பாத்துட்டியா? சரி, வா போலாம். வருஷத்துக்கு நம்ம படகுக்கு அம்பது பேர அனுப்புற மனுஷன்.”

“அனுப்பட்டும்.”

“உன் வாய் சும்மா இருக்காதுன்னுதான் பயமா இருக்கு.”

“தெரிஞ்சுதானே கூட்டிட்டு வந்த?”

மேடையில் புகைப்படக்காரர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “மூணு மணி நேரம் அசையாம கெடந்தேன். ரெண்டும் தானா நெருங்கி வந்துச்சு.” கைதட்டல். கேள்வி கேட்கலாம் என்றார்கள். அண்ணன் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, அவள் மைக்கை வாங்கினாள்.

“அன்னிக்கு உங்களக் கூட்டிட்டுப் போன கைடு நான்தான் சார். காத்து சிலிண்டரே ஒரு மணி நேரம்தானே தாங்கும்?”

கூட்டத்தில் முக்கால்வாசி முக்குளிப்பவர்கள். சிரித்துவிட்டார்கள்.

“ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா.”

“தானா வந்துச்சுன்னதும் பேச்சுக்குத்தானா? குச்சியால பிடுங்கித்தானே வச்சீங்க? புள்ளத்தாச்சி ஆம்பள சார் அது!”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மைக்கை அணைத்தார்கள். படகு இன்ஜின் சத்தத்துக்கு மேல் கூப்பிட்டுப் பழகிய குரலுக்கு மைக் எதற்கு?

“ஆதாரம் இருக்கா?” என்றார் அவர்.

“என் கண்ணு இருக்கு. இல்லன்னு என்னப் பாத்துச் சொல்லுங்க, உக்காந்துடறேன்.”

அவர் நன்றி சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

மாலைக்குள் அவர் அனுப்பவிருந்த இரண்டு குழுக்கள் பயணத்தை ரத்து செய்தன. அண்ணன் அவள் பக்கம் திரும்பாமல் துண்டுப்பிரசுரங்களை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான்.

மறுநாள் காலையில் கண்காட்சி மேலாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். மன்னிப்புக் கடிதம், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. “கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா கடையக் காலி பண்ணணும்.”

தங்கை வாயைத் திறப்பதற்குள் அண்ணன் காகிதத்தை வாங்கிக்கொண்டான். நிதானமாக இரண்டு தடவை படித்தான்.

“இதுல என் தங்கச்சி பொய் சொன்னதா எழுதியிருக்கு.”

“ஒரு சம்பிரதாயந்தான்...”

“அவ வாய் நீளம் சார், ஒத்துக்கறேன். ஆனா பொய் வராது. போன வருஷமே என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட கேக்காம விட்டது என் தப்பு.” காகிதத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தான். “காலி பண்ணணும்னா ஆளக் கூட்டிட்டு வாங்க. நாங்களா நகர மாட்டோம்.”

இருவரும் நாற்காலிகளை இழுத்துக் கடையின் முன்னாலேயே போட்டு உட்கார்ந்தார்கள். மதியம் வரை யாரும் வரவில்லை. அதற்குள் புகைப்படப் போட்டியின் நடுவர் ஒருவர், அன்றைக்கு எடுத்த அத்தனை படங்களையும் புகைப்படக்காரரிடம் கேட்டிருக்கிறார். அழித்துவிட்டேன் என்று பதில் வந்திருக்கிறது. மூன்று மணிக்கு அந்தப் படத்தை மேடைச் சுவரிலிருந்து இறக்கினார்கள்.

“விசாரணை முடியற வரைக்கும்தான்” என்றார் மேலாளர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“விசாரணைக்கு நானும் வருவேன். என் பேரையும் எழுதிக்குங்க” என்றாள் தங்கை.