எருமையும் சிட்டும், ஒரு சின்ன ரயிலும்

தண்டவாளங்களைப் பெயர்த்துப் போருக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்து மூன்றாம் வருஷம் மார்கழி மாதத்தில் ஒரு சாயங்காலம், ஓசூருக்குச் சின்ன ரயில் மறுபடியும் வந்தது. ஆனால் நிற்கவில்லை. ராயக்கோட்டைப் பக்கமிருந்து வந்து, பாதை இருந்த இடத்தில் இப்போது விளைந்து நின்ற கொள்ளுக் காட்டின் மேல் ஓடி, பழைய ஸ்டேஷன் மேடையை உரசிக்கொண்டு கடந்தது. ஓசூரோடு தன் பாதை முடிகிறது என்பதே மறந்துபோனதைப் போல பாகலூர் ரோட்டைக் குறுக்கே தாண்டி, மைசூர் எல்லைப் பக்கம் போய்க் கலைந்தது. கொள்ளுச் செடி ஒன்றுகூட மடங்கவில்லை. தொட்டுப் பார்த்தவர்கள் இலை சுடுகிறது என்றார்கள். முன்பு அங்கே போர்ட்டராக இருந்து, இப்போது ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த வெங்கடசாமியின் பால் பாத்திரத்தில் கரித்தூள் விழுந்தது. அவர் அதை வடிகட்டிவிட்டு அதே விலைக்கே டீ விற்றார்.

ரயிலை வரவழைத்தவன் சகாயநாதன். மத்திகிரி கால்நடைப் பண்ணையில் லாரி ஓட்டினான். போர்க்காலத்தில் பெங்களூர் ராணுவ முகாமில் வேலை பார்த்தபோது, பருத்திக் காட்டுக் கூலிக் குடும்பத்தில் பிறந்த ஒரு கறுப்பு அமெரிக்கச் சிப்பாய் அவனுக்கு ப்ளூஸ் என்கிற தங்கள் துக்கப் பாட்டை வாசிக்கக் கற்றுக்கொடுத்து, ஊர் திரும்பும்போது இரண்டு மவுத்தார்கன்களையும் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று தாழ்ந்த சுருதி. அதன் பித்தளை நாக்குகள் நீளமானவை. சோம்பலாகத்தான் எழும், எழுந்தால் நெஞ்சில் இருக்கிற அத்தனை மூச்சையும் கேட்கும். மற்றது உயர்ந்த சுருதி. அதன் நாக்குகள் குட்டை. தொட்டாலே பேசும், மூச்சு கொஞ்சம் கூடினால் அடைத்துக்கொள்ளும். ஊர்க்காரர்கள் முதலாவதை எருமை என்றார்கள், இரண்டாவதைச் சிட்டு என்றார்கள். ப்ளூஸில் ஊதுவது குறைவு, உறிஞ்சுவதுதான் அதிகம். சிப்பாயின் ஊரில் ரயில் ஓடுவதை மவுத்தார்கனில் வாசித்துக் காட்டுவது வழக்கமாம். அதைத்தான் அன்று சகாயநாதன் பழைய மேடையில் உட்கார்ந்து எருமையில் வாசித்தான். உள்ளே இழுத்த மூச்சோடு ரயிலும் வந்துவிட்டது.

அதன் மூன்றாவது பெட்டி ஜன்னலில் திம்மராயன் உட்கார்ந்திருந்ததை மேடையில் கொய்யா விற்றுக்கொண்டிருந்த நஞ்சம்மா பார்த்தாள். அவன் அவளுடைய புருஷன். பாலக்கோட்டில் ஒரு காளையைப் பார்த்து வருவதாகச் சொல்லி, கடைசியாக ஓடிய ரயிலில் காலையில் ஏறிப் போனவன். அன்று மத்தியானம் ரயிலை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. வெளியூர் போயிருந்த மற்றவர்கள் பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் திரும்பினார்கள்; அவன் திரும்பவில்லை. ரயில் இல்லாத ஸ்டேஷனில் கொய்யாவுக்கு என்ன வியாபாரம் என்று கேட்டவர்களை நஞ்சம்மா சட்டை செய்யவில்லை. "அவன் பாலக்கோட்டுல இன்னொருத்தியக் கட்டிக்கினு கறிச்சோறு தின்னுக்கினு கெடப்பான், நீ இங்க காயிற" என்று வெங்கடசாமி சீண்டுவார். "ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கினு போன ஆளுண்ணா அவரு. கையில டிக்கெட்ட வெச்சுக்கினு பஸ்ஸுக்கு வேற காசு குடுப்பாரா? கட்டுனவளுக்குத் தெரியாதா?" என்பாள் அவள். ஜன்னலில் அவனைப் பார்த்த அன்று வெங்கடசாமி அவளிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. மன்னிப்புக் கேட்பதில் அவருக்கு அதற்கு மேல் பழக்கமில்லை.

அதன்பின் ஊரில் இருந்த கேள்வி எருமையா சிட்டா என்பதுதான். எருமையில் வாசித்தால் ரயில் வரும். எப்படி வாசித்தாலும் நிற்காது. சிட்டில் வாசித்தால் ரயில் நிற்கும். ஆனால் ராயக்கோட்டை மலையடியிலேயே விசில் அடித்துவிட்டு நின்றுவிடும், இம்மியும் நகராது. "உங்க ரயிலு எங்க ஆட்டுத் தடத்துல நிக்குதுங்க, வந்து எடுங்க" என்று அங்கிருந்து ஆடு மேய்க்கிறவர்கள் பஸ் ஏறி வந்து முறையிட்டார்கள். எருமையில் தொடங்கிச் சிட்டுக்கு மாறிப் பார்த்தான் சகாயநாதன். மாற்றுகிற அந்த ஒரு மூச்சு இடைவெளியில் ரயில் இட்லிப் பானை ஆவி மாதிரிக் கரைந்துபோனது. இரண்டையும் ஒன்றாக வாயில் கவ்விப் பார்த்தான். உதடு கிழிந்து, வெறும் தயிர்ச்சோறாகச் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தான். இப்படியே கொள்ளு அறுப்பு முடிந்தது, மாங்காய்க் காலமும் வந்து போனது.

இன்னொரு ஆள் வேண்டும் என்பது நஞ்சம்மாவுக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது. வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் கண்ணாடி. ஜன்னலில் இருந்தவனுக்குப் புறப்பட்ட அன்றைய வயதுதான். மீசையில் ஒரு முடிகூட வெளுக்கவில்லை. அவளுக்கோ முன்நெற்றி முழுக்க நரை, கடைவாய்ப் பல்லில் பாதி இல்லை. இறங்கி வந்து, "யாரும்மா நீ?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? வராதவனுக்காகக் காத்திருக்கலாம். வந்தும் அடையாளம் தெரியாதவனை என்ன செய்ய? ஆனால் ஆடி மாதம் ஒருநாள், கடந்து போகிற ஜன்னலிலிருந்து அவன் அவளுடைய கூடையைப் பார்த்துக் கையை நீட்டினான். அவனுக்குப் பசிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. காலையில் ராகிக் களி தின்றுவிட்டுப் போனவன், இன்னும் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான்.

"சகாயம், சிட்ட என்கிட்ட குடுப்பா" என்றாள்.

ஊதினாள், ஊளையிட்டது. "ஊதாத நஞ்சக்கா. பச்ச மொளகாயக் கடிச்சா எப்பிடி உள்ள இழுப்ப, அப்பிடி இழு." இழுத்தாள், அடைத்துக்கொண்டது. "இவ்வளவு எதுக்குக்கா? இது எருமை இல்ல. கொஞ்சூண்டு போதும்." அதுதான் அவளுக்கு வரவில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சேர்ந்து கிடந்த மூச்சு. திறந்தால் மொத்தமும் ஒன்றாகக் கிளம்பியது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை நாள் குறித்தார்கள். டீக்கடை பெஞ்சு நிறைந்து, கூட்டம் ரோடு வரை நின்றது. சகாயநாதன் எருமையை வாயில் வைத்தான். கொள்ளு விதைக்க உழுது போட்ட நிலத்தின் மேல் ரயில் வந்தது. மூன்றாவது பெட்டி ஜன்னலில் திம்மராயன். நஞ்சம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சிட்டை உதட்டில் வைத்து இழுத்தாள். சத்தமே வரவில்லை. முதல் பெட்டி போனது, இரண்டாவது போனது, மூன்றாவதும் போனது. சகாயநாதனுக்கு வாய் ஓயவில்லை, பேச முடியாது; கண்ணால் கெஞ்சினான். கார்டு பெட்டி மேடைக்கு வந்தபோது, அவளுக்கு எதனாலோ சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு முன்னால் வருகிற சின்ன மூச்சு ஒன்று தானாக உள்ளே போனது. சிட்டு பேசியது. ஒரே ஒரு சுரம், நடுவில் கொஞ்சம் வளைந்து. ரயில் நின்றது.

திம்மராயன் இறங்கி, தூசி தட்டிக்கொண்டு மேடையோரமாக நடந்து வந்தான். நேராகக் கூடையில் கை விட்டு ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்தான். "மாடு சரியில்ல, பல்லு தேஞ்சது, வுட்டுட்டேன்" என்றவன், அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"என்னா நஞ்சா, காலைல பாத்ததுக்கு இப்பிடி நரைச்சுட்ட?"

"வெயிலு ஜாஸ்தி" என்றாள் அவள். "பஸ்ஸுல வந்திருக்கலாமுல்ல?"

அவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டினான். "டிக்கெட் இருக்குதே."

பழைய போர்ட்டர் என்ற முறையில் வெங்கடசாமி அந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் ரயில் வந்தது, நின்றது. ராயக்கோட்டைத் தக்காளியும் மாரண்டஅள்ளித் தேங்காயும் அதில் இறங்கின. ஐம்பத்தாறில் மாநிலங்களைப் பிரித்து, ஓசூர் எந்தப் பக்கம் என்று சண்டை நடந்தபோதும் எருமையையும் சிட்டையும் யாரும் பிரிக்கவில்லை. ரயில் ஓடுகிற கோட்டில் மட்டும் கொள்ளு பத்து நாள் முன்னதாகக் காய்த்தது. அதை அறுத்தவர்கள் முன்னதாக விற்றார்கள். திம்மராயனும் நஞ்சம்மாவும் வயது வித்தியாசத்தைப் பற்றி யாரோடும் பேசவில்லை. அவன் வழக்கம்போல வருஷத்துக்கு ஒரு வயது ஏறினான். அவள் ஏறாமல் நின்றுகொண்டாள், அவன் வந்து சேரும்வரை. காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை.